கோபேயில் நான் காணாத அருவி

1953-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு காலை, ஆறு மணியளவில், எங்கள் சரக்குக் கப்பல் சப்பானின் கோபேத் துறையை அடைந்தது. இராயபுரத்தில் பிறந்த எனக்குத் துறைமுகம் என்றால் தட்டையான மணற்கரையும் அதன் பின்னே ஆலைப் புகையுமே நினைவுக்கு வரும். இங்கோ நகரின் முதுகோடு ஒட்டி மலைத்தொடர் நிற்கிறது. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நகரம் நீண்டு கிடக்கிறது. இவ்வூரார் வழி சொல்லும்போது ‘மலைப்பக்கம்’, ‘கடற்பக்கம்’ என்றே கூறுகின்றனர். புதிதாக வருவோர் இவ்விரண்டையும் அறிந்துகொண்டால் போதும், வழி தவறுவதற்கில்லை.

வண்ணாரப்பேட்டைத் தோல் வணிகர் ஒருவரின் பொருட்டு மாதிரித் தோல்களைக் கொண்டுவந்திருந்தேன். அவ்வேலை அன்றே முடிந்தது. மறுநாள் நகரைக் காணப் புறப்பட்டபோது, கப்பலில் தளப்பணி செய்யும் தண்டையார்பேட்டைக் காசிம் உடன் வந்து நின்றார். நான் மூக்குக்கண்ணாடி அணிந்து எந்நேரமும் படித்துக்கொண்டிருந்தமையால் அவர் எனக்கு இட்ட பெயர் ‘வாத்யார்’.

“வாத்யாரே, நானும் வர்றேன். ஒரு எடம் பாக்கணும். அங்க எதுனா எயுதி இருந்தா நீதான் படிக்கணும். எனுக்குத் தெரிஞ்ச எயுத்தெல்லாம் எண்ணூரு போற பஸ்ஸு மேல கீற நம்பருதான்.”

“சப்பானிய எழுத்து எனக்கும் தெரியாதே, பாய்.”

“அப்போ ரெண்டு பேரும் ஒரே கிளாஸுதான், வா.”

சிரித்தவர், டிராம் வண்டியில் அமர்ந்ததும் சிரிப்பை நிறுத்திக் காரணத்தைச் சொன்னார். அவருடைய தமையன் யூசுப் ஒரு கப்பலில் கரி தள்ளும் வேலையில் இருந்தார். போர்க்காலத்தில் அக்கப்பல் சப்பானியரால் சிறைபிடிக்கப்பட்டது. மாலுமிகள் கோபேக்குக் கொண்டுவரப்பட்டனர். யூசுப் இங்கேயே நோயுற்று இறந்தார் என்று, பிழைத்துத் திரும்பிய ஒருவர் கூறினார். ஆனால் அவரும் பிறர் சொல்லக் கேட்டவரே. அதனால் யூசுபின் மனைவி, கணவன் உயிரோடிருப்பதன் அடையாளமான கழுத்துக் கருகமணியைக் கழற்றவில்லை. கைம்பெண்ணுக்குரிய இத்தா நோன்பும் இருக்கவில்லை.

“எங்க அண்ணி ஒரே பேச்சுதான். ‘பாத்தவன் சொன்னா கேக்குறேன், கேட்டவன் சொன்னா கேக்கமாட்டேன்.’ நானும் ஒவ்வொரு தபா கப்பல் ஏறும்போதும் கோபேன்னு பேரு வருமான்னு பாத்துகினே இருந்தேன்.”

காலை ஒன்பது மணி. சென்னையில் இவ்வாண்டு நின்றுபோன டிராம் இங்கே பத்து யென் கட்டணத்தில் நகர் முழுதும் ஓடுகிறது. மோட்டோமாச்சிக் கடைத்தெருவில் பட்டும் முத்தும் பீங்கானும் குவிந்துள்ளன. அதன் கடற்பக்கம் சீனர் வாழும் நான்கின்மாச்சி. சற்றே வடகிழக்கில், போரில் எரிந்த இகூதா கோயில் இன்னும் முழுமையாக எழுப்பப்படவில்லை. அங்கே மக்கள் கைதட்டித் தெய்வத்தை அழைத்து, தலைதாழ்த்தி வணங்கிச் செல்கின்றனர். மலையடிவாரத்தில் நூனோபிக்கி என்னும் அருவி இருப்பதாகவும், அதைக் காணாமல் செல்வோர் கோபேயைக் கண்டவராகார் என்றும் கப்பலில் சொல்லியிருந்தனர். போகலாமா என்றேன்.

“தண்ணி வுயறத நம்மூரு பைப்பாண்ட பாத்துக்கலாம். வா வாத்யாரே, போது ஆவுது.”

பதினொரு மணிக்குப் பள்ளிவாசலை அடைந்தோம். சுற்றியிருந்த தெருக்கள் வெந்து தணிந்தபோதும் இது மட்டும் நின்றதாம். அங்கிருந்த முதியவரிடம் காசிம் தமையனைப் பற்றி இந்துஸ்தானியில் கேட்டார். அவர் மலைச்சரிவில் அயல்நாட்டாரை அடக்கம் செய்யும் தோட்டம் இருந்த திசையைக் காட்டினார்.

அத்தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சப்பானியப் பெண்மணி எங்களைக் கண்டதும் மரவாளியில் நீரும் ஓர் அகப்பையும் கொண்டுவந்து கொடுத்தார். கல்லறைமீது நீர் வார்ப்பது இந்நாட்டு வழக்கம்.

“நாமளும் மண்ணு போட்டுட்டுத் தண்ணிதானே ஊத்துவோம்? இவுங்களுக்கு யாரு சொன்னாங்க?” என்று காசிம் வியந்தார்.

வரிசை வரிசையாகத் தேடினோம். மேல்வரிசைக் கோடியில், முழங்கால் உயரமுள்ள ஒரு கல்லில், ஆணியால் கீறியது போன்ற தமிழ் எழுத்துகளைக் கண்டேன். உடன் சிறைப்பட்ட யாரோ கீறியிருக்க வேண்டும். ‘யூசுப். தண்டையார்பேட்டை.’ உரக்கப் படித்தேன்.

“இன்னொரு தபா படி.”

படித்தேன்.

“ஊரு பேரு எங்க கீது? கைய வெச்சுக் காட்டு.”

காட்டினேன். அவர் அவ்வெழுத்துகளின்மேல் விரலை ஓட்டினார். பிறகு வாளி நீர் முழுவதையும் மெல்ல வார்த்துவிட்டு, கைகளை ஏந்தி நின்றார். கீழே துறையில் எங்கள் கப்பல் தெரிந்தது.

திரும்பும் வழியில் அவர் கேட்டது ஒன்றே: “நான் படிச்சேன்னு சொன்னா அண்ணி சிரிக்கும். நீ வந்து சொல்லு வாத்யாரே.”

மறுநாள் காலை கப்பல் புறப்பட்டது. ஒசாகா இருபது மைல் தொலைவே. அதையும் நான் காணவில்லை.

மார்கழியில் ஒரு பிற்பகல் தண்டையார்பேட்டைக்குச் சென்றேன். மலை இல்லாத ஊர். இங்கு வழி கேட்டால் ரயில்பாதைக்கு இப்புறம், அப்புறம் என்பார்கள். காசிம் உடனிருக்க, திரைக்கு அப்பால் அமர்ந்து யூசுபின் மனைவி கேட்டார்:

“அந்த ஊரு எப்டி கீது? பாத்ததெல்லாம் சொல்லுங்க.”

டிராமையும் கடைத்தெருவையும் பள்ளிவாசலையும் சொன்னேன். கல்லையும் எழுத்தையும் சொன்னேன்.

“அங்கேர்ந்து கடலு தெரியுதா?”

“தெரிகிறது, அம்மா. வந்துபோகும் கப்பல்களும் தெரிகின்றன.”

“பெரிய அருவி ஒண்ணு கீதாமே, காசிம் சொன்னான். அது எப்டி?”

காசிம் என்னைப் பார்த்தார். கேள்விப்பட்டதைக் கொண்டு அழகாக வருணித்திருக்கலாம்.

“அருவியை நான் காணவில்லை, அம்மா.”

திரைக்கு அப்பாலிருந்து அவர் குரல் தாழ்ந்து வந்தது.

“பாக்காதத பாக்கலன்னு சொல்றாரு, காசிமு. அப்போ பாத்தேன்னு சொன்னது நெசந்தான்.”

அடுத்துக் கேட்டது, கருகமணி கழன்று தட்டில் விழுந்த ஓசை.