விடாத கை

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. சேலையூர்ப் பக்கம் எங்கள் சபையில் காலை ஆராதனை முடிந்து, வாசலில் எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தோம். நல்ல குளிர். அஸ்தினாபுரத்திலிருந்து மனைவி, மகளோடு புதிதாக வர ஆரம்பித்திருந்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும், என்னிடமும் கை நீட்டினார். கொடுத்தேன். பிடித்தவர் விடவில்லை.

இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே! “என்ன சார், பொம்பளை கையப் பிடிச்சா விட மனசு வராதா? பக்கத்துல பொண்டாட்டி வேற நிக்கறாங்க, வெக்கமா இல்ல?” என்று கத்தினேன். வாசலே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் செத்துவிட்டது. இடது கையால் தன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, “சாரி மேடம்” என்றார். அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். அதோடு விட்டேனா? பெண்கள் சங்க வாட்ஸ்அப் குழுவில், ‘அந்த ஆளிடம் ஜாக்கிரதை’ என்று வேறு போட்டேன். என் தைரியத்துக்குப் பாராட்டு குவிந்தது.

மறுநாள் சாயங்காலம் அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக நின்றேன். அவர் உட்காரக்கூட இல்லை.

“அவருக்கு எதையாவது இறுக்கிப் பிடிச்சா கை உடனே திறக்காதுங்க. குளிர்ல இன்னும் மோசம். மயோடோனிக் டிஸ்ட்ரோபின்னு சொல்றாங்க. அவங்க அம்மாகிட்டேர்ந்து வந்த ஜீன். நீங்க பயாலஜி டீச்சராமே, உங்களுக்குப் புரியும்.”

புரிந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடத்தில் வரும் பெயர் அது. ஒரே ஒரு மரபணுவில் கோளாறு. அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. போர்டில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று வம்சப் படம் போட்டு, பரீட்சைக்கு வரும் என்று கோடு போட்டுக்கொள்ளச் சொல்வேன். அந்த நோயோடு ஒரு மனிதர் முதல் தடவையாக எதிரில் வந்து நின்றபோது, பொறுக்கி என்று முடிவு கட்டிவிட்டேன். உடம்பெல்லாம் கூசியது.

அந்த அம்மாவோடேயே கிளம்பிப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “இப்பவே குரூப்ல போடறேன் சார். அடுத்த ஞாயிறு மைக்லயே சொல்லிடறேன்” என்றேன். அவர் பதறிவிட்டார்.

“ஐயோ வேணாம் டீச்சர். பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம். அவளுக்கும் இருக்கான்னு இன்னும் டெஸ்ட் எடுக்கல. பாக்க வர்றவங்ககிட்ட நாங்களே பக்குவமா சொல்லிக்கறோம். அதுக்குள்ள ஊர் வாயில அவ விழ வேணாம். என்னைத் தப்பா நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்.”

வீடு திரும்பி, ‘தப்பு என்னுடையது, அவர் நல்ல மனிதர்’ என்று மட்டும் குழுவில் எழுதினேன். ‘உங்களுக்குப் பெரிய மனசு டீச்சர், மன்னிச்சுட்டீங்க’ என்று பதில் வந்தது. காரணத்தைச் சொல்லாமல் அதை எப்படி மறுப்பது?

அவர்கள் அப்புறம் எங்கள் சபைக்கு வரவேயில்லை. இங்கே அவர் இன்னும் கெட்டவர், நான் இன்னும் பெரிய மனசுக்காரி. அவர்களை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன். எழுதியதால் எனக்குக் கொஞ்சம் மனபாரம் குறையலாம், ஆனால் அவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.