நாலு மணிக்குத் தானே எழும் கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டரில் ஒரு சாமானை மாற்றப் போனால், அது கூடவே பத்து சாமானை இழுத்துக்கொண்டு வரும். பட்டு அனுபவித்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. காரைக்கால் தலத்தெருவில் ரிப்பேர் கடை போட்ட நாளிலிருந்து நான் அதிகம் சொன்ன வார்த்தை "இது அதுக்குச் சேராதுங்க" என்பதுதான். காரைக்கால்மேட்டிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டரை மூன்று தடவை பிரித்த பிறகு, அதை அடித்துச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

ரேம்

கொண்டுவந்தவர் ராசாத்தி அக்கா. மகள் மலர் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். வீட்டுப் பிளான் வரையும் சாப்ட்வேர் திறக்கவே அரை மணி ஆகிறதாம். எங்கேயோ வாங்கிய புது ரேமையும் பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். நாம் எல்லோரும் செய்யும் அதே தப்பு! அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கேட்பது டிடிஆர் இரண்டு, இவள் வாங்கியது டிடிஆர் மூன்று. நடுவிலிருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், தலைகீழாக நின்றாலும் உட்காராது. பழைய ரேமைக் கழற்றினால் உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. அழிரப்பரால் தேய்த்துத் துடைத்து, என்னிடம் இருந்த பழசு ஒன்றையும் சேர்த்துப் போட்டேன்.

பிளக்கைச் சொருகிவிட்டு, மூடியை மாட்டாமல் டீ குடித்துக்கொண்டு நின்றேன். யாரும் தொடவில்லை. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, திரை வெளிச்சமானது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். அக்கா மட்டும் கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல், "நாலு மணி ஆச்சுல்ல தம்பி, எங்க வீட்டுக்காரரு இதுல சீட்டாட உட்காருற நேரம்" என்றார்.

ஹார்டு டிஸ்க்

அவர் வீட்டுக்காரர் மீன்பிடி லாஞ்சில் டிரைவராக இருந்தவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனார். லாஞ்ச் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காமல் காரியம் செய்யமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக நிற்கிறார், தாலியும் பொட்டும் அப்படியே இருக்கின்றன. இதெல்லாம் இரண்டாவது தடவை வந்தபோது அவரே சொன்னது. அன்று ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அது அகலப் பட்டை கேபிளில் ஓடும் பழைய ரகம். நல்ல வேளையாக போர்டில் புது ரக டிஸ்க்குக்கும் வாய் இருந்தது. உள்ளதையெல்லாம் புதுசுக்கு மாற்றினேன்.

புது டிஸ்க்கை போர்டு கண்டுகொண்டதா என்று செட்டிங்கைத் திறந்து பார்த்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. தினமும் மாலை நாலு மணிக்குத் தானே ஆன் ஆக வேண்டும் என்று அலாரம் வைத்திருந்தது. திறக்க நேரமாகிறதே என்று அந்த மனுஷர் வைத்திருப்பார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்: "டிஸ்க்க மாத்துனா அவரு வழி தெரியாம போயிட மாட்டாருல்ல தம்பி?"

போர்டு

இவ்வளவு செய்தும் மலரின் சாப்ட்வேர் ஓடவில்லை என்று அக்கா மூன்றாவது தடவையும் வந்தார். அதற்குப் புது பிராசஸர் வேண்டும், அது பழைய போர்டில் உட்காராது. போர்டை மாற்றினால் நான் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றிய ரேம் சேராது, பவர் சப்ளையின் கனெக்டரும் சேராது. கேபினட்டின் திருகு ஓட்டைகள் மட்டும் பொருந்தின. அலாரம் இருப்பதோ போர்டில். அதைச் சொல்ல மனசு வராமல், "பழசுன்னு கேபினட்டத் தவிர எதுவும் மிஞ்சாதுக்கா" என்று மட்டும் சொன்னேன்.

காரியத்துக்குத் தேதி கேட்டு ஊர்ப் பஞ்சாயத்தார் இரண்டு தடவை வந்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா நிதானமாகச் சொன்னார்: "பொண்ணு படிக்கணும், மாத்திடுங்க. புதுசுல அவரு வரலைன்னா, நாள் குறிச்சுக்கச் சொல்லிடுறேன்."

கேபினட்

நீங்களே சொல்லுங்கள், இது கம்ப்யூட்டர்காரன் செய்கிற வேலையா? அலாரம் வைத்தால் ஒரு பொம்பளையைக் காலம் முழுக்கக் காத்திருக்க வைத்த பாவம். வைக்காவிட்டால் அக்காவின் தாலியை நானே கழற்றியது போல. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புது போர்டில் அலாரம் ஆஃப் என்றே இருந்தது. அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, தொடாமல் மூடிக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் காரைக்கால்மேட்டுக்குப் போனேன். நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியைக் காலியாகப் போட்டுவிட்டு, அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மீன் வலைகளின் வாடை வீட்டுக்குள் வந்தது. சரியாக நாலு மணிக்கு ஃபேன் சுற்றியது, திரை வெளிச்சமானது. அட, மலர் வைத்திருக்கிறாள், கெட்டிக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

மலர் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள். "பழசுல அலாரம் இருந்தது எனக்கு முன்னாடியே தெரியும்ணே. புதுசுல அத வெக்க பயந்துகிட்டே இருந்தேன். நீங்களே வெச்சிட்டீங்க, ரொம்ப தேங்க்ஸ்" என்றாள்.

பையை அங்கேயே போட்டேன். செட்டிங்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று உள்ளே ஓடி கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே கையைக் குறுக்கே வைத்தார். "கிட்டப் போகாதீங்க தம்பி, ஆட்டம் கலைஞ்சிடும்" என்றார்.

எந்தச் சாமான் எந்த போர்டில் உட்காரும் என்று கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன். நாற்காலியில் யார் உட்காருவார் என்பதற்கு என் கடையில் கியாரண்டி கிடையாது.