அட்டெண்டர் ஷார்ட்டேஜ்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. இப்போதும் அப்படித்தான். இந்த முதல் வரியை எழுதிவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இது நைனாவிடமிருந்து வந்த வியாதி. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கரையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. சோற்றைக்கூட நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டு வலையைப் பார்க்கப் போய்விடுவார்.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்கு இது முற்றிப் போயிருந்தது. எண்பதுகளின் கடைசி. கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் சித்தி வீட்டில் தங்கி, தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குப்பத்தில் காலேஜுக்குப் போன முதல் பெண் நான்தான் என்று, சித்தி மீன் கூடையை இறக்கி வைத்த வீடுகளில் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மாடம்பாக்கம் வரைக்கும் என் புகழ் வஞ்சிரத்தோடு சேர்ந்து போயிருந்தது.

சேர்க்கும்போதே நைனா ஒரு கண்டிஷன் போட்டார். ஏதாவது ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பு அதோடு நிற்கும், அத்தை மகனுக்குக் கட்டி வைத்துவிடுவேன் என்றார். அத்தை மகன் நல்லவன்தான், குடிக்கவும் மாட்டான். ஆனால் அவனோடு ஐந்து நிமிஷம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. அதனால் தவறக் கூடாது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டுதான் போனேன்.

போன முதல் வாரமே தவறிவிடுவேன் என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள் நான். கணக்கில் வகுப்பிலேயே முதல். வகையிடல், தொகையிடல், அணிகள், திசையன்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இங்கே எல்லாம் இங்கிலீஷ். போர்டில் எழுதியது புரிந்தது, வாயால் சொன்னது புரியவில்லை. மேட்ரிக்ஸ் மேட்ரிக்ஸ் என்று அவர்கள் சொன்னது என்னுடைய பழைய அணிதான் என்று கண்டுபிடிக்கவே பல நாள் ஆயிற்று. கண்டுபிடித்தபோது சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தெரிந்த ஆள் வேஷம் கட்டிக்கொண்டு வந்து என்னை ஏமாற்றியது போல இருந்தது.

இந்த மாதிரிக் கஷ்டங்களுக்காகவே கல்லூரியில் ட்யூட்டர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. முதல் வருஷப் பிள்ளைகளைச் சின்னச் சின்னக் கும்பலாகப் பிரித்து ஆளுக்கொரு லெக்சரரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். படிப்பில் சிக்கல், வீட்டில் சிக்கல், எதுவானாலும் அவரிடம் சொல்லலாம். எங்களுக்கு வாய்த்த மேடம் அந்த வருஷம்தான் வேலைக்கு வந்தவர். கான்வென்ட்டில் படித்தவர், எங்களைப் பார்த்து எங்களைவிட அதிகமாகப் பயந்தவர். முதல் நாள் எங்களை எல்லாம் பார்த்து, நீங்கள் அத்தனை பேரும் என் வார்டு என்று இங்கிலீஷில் சொன்னார்.

எனக்குத் திக்கென்றது. எனக்குத் தெரிந்த வார்டு ஆஸ்பத்திரி வார்டு ஒன்றுதான். அதுவும் தாம்பரத்தில் வார்டு என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஜனம் கடலை விட்டுத் தாம்பரத்துக்கு பஸ் ஏறினால், அது பெரும்பாலும் டி.பி. ஆஸ்பத்திரிக்காகத்தான் இருக்கும். போனவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். ஒருத்தர் பொறுப்பில் இருக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷில் வார்டு என்று பெயராம். இதற்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கடைசி மணி ட்யூட்டர் மணி. மேடம் கைகளைக் கோத்துக்கொண்டு, "எனி ப்ராப்ளம்ஸ்?" என்பார். நாங்கள் எல்லோரும் "நோ மேடம்" என்போம். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். மிச்ச நேரம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் வகுப்புக்குப் போவது குறைந்தது. அதற்காக எங்கேயாவது ஜாலியாகச் சுற்றினேன் என்று நினைக்க வேண்டாம். கையில் காசு கிடையாது, பஸ் பாஸ்தான் உண்டு. அந்தப் பாஸில் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மட்டும்தான் போய்வர முடியும். அதனால் அந்த இரண்டு ஊருக்கும் நடுவிலேயே போய் வந்துகொண்டிருந்தேன். தாம்பரத்தில் இறங்குவேன், கல்லூரி வாசல் வரைக்கும் போவேன், உள்ளே மணி அடிக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், திரும்பி வந்து பஸ் ஏறுவேன். சேலையூர் தாண்டும்போது, இல்லை, போய்விடலாம் என்று தோன்றும். ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி எதிர்ப் பக்கம் போய் நிற்பேன். ஒரு நாள் கண்டக்டரே பொறுக்க முடியாமல், "இன்னாம்மா, நீ படிக்கிறியா, இல்ல எங்கூட டூட்டி பாக்கிறியா?" என்று கேட்டுவிட்டார். அன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கியவள் மாடம்பாக்கம் கோயில் வரைக்கும் நடந்தேன். பிரகாரத்தில் உட்காரலாம் என்று போய், அங்கேயும் முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். குருக்கள் பெரிய வேண்டுதல் என்று நினைத்து விபூதி கொடுத்தார்.

மேடம் ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார். எனக்கு அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ், இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், பேரன்ட் வந்து பார்க்க வேண்டும் என்றார். நைனாவைக் கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சினேன். கூப்பிட்டால் என் படிப்பு அன்றோடு சரி என்றும் சொன்னேன். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது, வாயில் ரூல் இருந்தது. ஆபீஸுக்குச் சொல்லிவிட்டார். எங்கள் குப்பத்தில் போன் இருந்த ஒரே இடம் ஐஸ் கம்பெனி. சேரும்போது அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்.

அதன் பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆபீஸ் கிளார்க் போனில், உங்க வார்டுக்கு அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ், பேரன்ட் உடனே தாம்பரம் வரணும் என்று சொல்லியிருக்கிறார். ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் கம்பெனிக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தது வார்டு, அட்டெண்டர், ஷார்ட்டேஜ், தாம்பரம். அவர் முட்டாள் இல்லை. அவருடைய அண்ணனையே அந்த ஆஸ்பத்திரியில்தான் வைத்துப் பார்த்தார்கள், அண்ணனோடு கூடவே இருந்த அட்டெண்டர் அவர்தான். கரைக்கு ஓடி வந்து நைனாவிடம் சொன்னார்: உன் பொண்ணு தாம்பரத்துல வார்டுல கீது, அட்டெண்டர் ஷார்ட்டேஜாம், கூட இருந்து பாத்துக்க ஆள் வரணுமாம்.

மறுநாள் விடிந்ததும் நைனாவும் அம்மாவும் முதல் பஸ் பிடித்திருக்கிறார்கள். சித்தி வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராக ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டு ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் படுத்திருந்தவர்கள் முகத்தை எல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஒரு கட்டிலில் என் மாதிரியே நீளப் பின்னலோடு ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளாம். அம்மா போர்வையை விலக்கி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லம்மா என்றாளாம். கடைசியில் நர்ஸ் ரிஜிஸ்டரைப் பார்த்து அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லியிருக்கிறார். பெயர் இல்லை என்றதும் அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. அங்கேயே தரையில் விழுந்து அழுதிருக்கிறாள். பொண்ணு என்ன பண்ணிக்கிட்டிருந்தா என்று நர்ஸ் கேட்க, காலேஜ் என்று நைனா சொல்ல, முதலில் அங்கே போய்க் கேளுங்கள் என்று அனுப்பி வைத்தது அந்த நர்ஸ்தான்.

இது எதுவும் தெரியாமல் நான் டிபார்ட்மென்ட் ரூம் ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தேன். நைனா வந்தால் என்ன பொய் சொல்வது என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். நைனா உள்ளே வந்தார். முதுகில் ஒரு பெரிய மூட்டை, கையில் ஃபிளாஸ்க். அம்மா அவருக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் மேலும் பினாயில் வாசனை.

மேடம் எழுந்து, மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஆரம்பித்தார். உங்கள் பெண் வகுப்புக்கே வருவதில்லை என்றார். நைனா அவரைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து நெற்றியில் புறங்கையை வைத்தார். கழுத்தில் வைத்தார்.

"இருமல் கீதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சத்தியமா என்றார். சத்தியம் என்றேன். அப்போதுதான் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகத் தேடியதைச் சொன்னாள். என்ன நடந்தது என்று புரிந்ததும் மேடம் முகம் வெளுத்துப் போயிற்று. வார்டு என்று சொன்னதற்கா இப்படி என்று இரண்டு மூன்று முறை கேட்டார். கோபம் வந்து என்னை அடிப்பார் என்று நான் காத்திருந்த நைனா, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு என்று சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாதான் முதலில் தெளிந்தாள். வகுப்புக்கே போகாதவளுக்கு என்ன படிப்பு, இன்னைக்கே அழைச்சுக்கினு போயிடலாம், நாத்தனார் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றாள்.

மேடத்துக்கு எப்படியாவது என்னைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும், வராத நாளை எல்லாம் மன்னித்துவிடுவார்கள். டைஃபாய்டு, மஞ்சள் காமாலை என்று ஏதாவது எழுதித் தருகிற டாக்டர்கள் தாம்பரத்திலேயே இருக்கிறார்கள், எல்லாரும் செய்வதுதான் என்றார். எனக்கு உயிர் வந்தது.

நைனா தலையை ஆட்டினார்.

"வாணாம் மேடம். காலைலேர்ந்து இதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினு வந்துகீறேன். இப்போ நானே போய் நோவு கீதுன்னு எழுதி வாங்குவனா?"

வேறு வழி என்ன என்று கேட்டார். மேடம் அட்டெண்டன்ஸைப் புரட்டிப் பார்த்து, இனிமேல் ஒரு மணி நேரம்கூட விடாமல் வந்தால் தேறலாம், ஆனால் ரொம்பக் கஷ்டம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பொய் சொல்லச் சக்தி இல்லை. என்னால் அங்கே உட்கார முடியவில்லை, கணக்கு தெரியும், இங்கிலீஷில் சொன்னால் எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மேடம், "ஒவ்வொரு வியாழக்கிழமையும் கேட்டேனேம்மா, ஏன் சொல்லலை?" என்றார்.

"அதையும் இங்கிலீஷ்லதான் கேட்டீங்க மேடம்" என்றேன்.

திமிராகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு டிஃபரன்சியேஷனுக்குத் தமிழில் என்ன என்று கேட்டார். வகையிடல் என்றேன். "வகை… யிடல்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அந்த வார்த்தை அவர் வாயில் தடுக்கி விழுந்ததைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது என்று சொல்ல வெட்கமில்லை. அதற்கப்புறம் வந்த வியாழக்கிழமைகளில் எனி ப்ராப்ளம்ஸ் நின்றுபோனது. நான் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் சொல்ல, என்னைப் போல இன்னும் நாலைந்து பேர் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அன்று அந்த அறையிலேயே நைனா தரையில் மூட்டையை இறக்கி அவிழ்த்தார். கொண்டு வந்ததைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. நோயாளிக்கு வாங்கிய பிரெட், சாத்துக்குடி, புதுத் தலையணை, ஒரு தட்டு, டம்ளர். அதற்கும் அடியில் ஒரு பாய், அவருடைய இரண்டு லுங்கி, துண்டு, ஷேவிங் செட். என் சாமான் கொஞ்சம்தான், அவர் சாமான்தான் அதிகம்.

"இதெல்லாம் எதுக்கு நைனா?"

"எத்தினி மாசம் ஆகுமோ தெரியாதுல்ல. வலையை என் தம்பி கையில குடுத்துட்டு வந்துகீறேன்."

மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த பருவம் அது. கரையில் ஒரு நிமிஷம் நிற்காத மனுஷன், ஒரு கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து மாசக்கணக்கில் உட்கார்ந்திருக்கக் கிளம்பி வந்திருந்தார்.

அவர் பாயை மறுபடி சுருட்டிக் கயிற்றைக் கட்டினார். அம்மா அத்தை மகனைப் பற்றி மறுபடி ஆரம்பித்தாள். அது கெடக்குது வுடு என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒங்கூட குந்தத்தான் வந்தேன். இப்போ நான் குந்த வாணாம். நீ குந்து."

மறுநாள் காலை முதல் மணி. வெளியே ரோட்டில் ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கதவு திறந்துதான் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் என் கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. குந்தினேன்.