கூரையைப் பிரிக்க வேண்டாம்

இரண்டாயிரத்து நாலு வாக்கில், சவுதியில் ஜுபைலில் நான் ரிக்கிங் ஃபோர்மேன். பாரம் தூக்கி இறக்குகிற வேலை. என் வாக்கை நம்பிக் கம்பெனி எங்கள் ஊரிலிருந்து மூன்று பேரை எடுத்தது: செல்வராசு, அவன் தம்பி முருகேசன், பங்காளி கலியமூர்த்தி. பெரம்பலூர்ப் பக்கம் போர்வெல்லில் மோட்டார் தூக்குவது அவர்கள் தொழில். மழை பொய்த்தது, போர் வற்றியது, தூக்குவதற்கு மோட்டாரே இல்லாமல் போனது. "மாமா, எங்களையும் கூப்பிட்டுக்குங்க" என்று செல்வராசு போன் மேல் போன். என்னையும் ஒரு மச்சான் இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்.

அங்கேதான் ஒரு கூத்துப் பண்ணினேன். கிணற்று வேலை என்றால் மதிக்கமாட்டார்கள் என்று, பயோடேட்டாவில் 'துறைமுகத்தில் ஐந்து வருடம் ரிக்கர்' என்று நானே எழுதிவிட்டேன்.

பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் நேரம் அது. முதல் நாளே குட்டு உடைந்தது. சைட் இன்ஜினியர் தங்கதுரை, திருநெல்வேலிக்காரர், கிரேன் சிக்னல் காட்டச் சொன்னார். செல்வராசு பஸ்ஸை நிறுத்துவது போலக் கையை ஆட்டினான்.

"எந்தத் துறைமுகத்துலவே இப்படிக் கை காட்டுதாவ?" என்று என்னிடம் திரும்பினார். "ஷட்டவுன் முடியட்டும், மூணு பேரையும் ஊருக்கு அனுப்பிருதேன். அதுவரை தூத்துப் பெருக்கட்டும்."

கேம்ப்புக்கு வந்ததும் செல்வராசு கேட்டான்: "எங்க தொழிலைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமா மாமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

நாலாம் நாள், துண்டு துண்டாக இணைத்த நீளமான குழாயோடு குழிக்குள் நிற்கும் ஒரு பம்பை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கிரேனில் ஒரே தூக்காகத் தூக்குவதாகத் திட்டம். ஆனால் பம்புக்கு மேலே பிறகு கட்டிய தகரக் கூரை இருந்தது. அதைப் பிரிக்க மூன்று நாள் ஆகும். பிளான்ட் மறுபடி ஓடத் தொடங்க இருந்ததோ இரண்டே நாள். தங்கதுரை தலையில் கைவைத்து நின்றார்.

செல்வராசு துடைப்பத்தைக் கீழே போட்டான். "கூரையை எதுக்கு சார் பிரிக்கணும்? குழாயைப் பிரிச்சாப் போச்சு."

"கழட்டும்போது அடிக்குழாய் குழிக்குள்ள விழுந்துட்டுன்னா?"

"கிளாம்பு போட்டுப் பிடிச்சுக்குவோம் சார். ஐந்நூறு அடி போர்லயே விட்டதில்ல."

தங்கதுரை என்னைப் பார்த்தார். "இவனுவ நெசமா என்ன வேலைவே பாத்தானுவ?"

"போர்வெல்லுல மோட்டார் தூக்குனவங்க சார். துறைமுகம் நான் எழுதுன பொய்."

என்னை முறைத்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "சரி, யல்லா! தூக்கச் சொல்லும்."

கூரைக்கடியில் மூன்று கம்பங்களைச் சேர்த்துக் கட்டிய முக்காலி நின்றது, அதில் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கியது. கொஞ்சம் தூக்குவார்கள், கிளாம்பு போட்டு இறுக்குவார்கள், மேல்குழாயைக் கழற்றுவார்கள், மறுபடி தூக்குவார்கள். "ஏத்து... நிறுத்து..." என்று கலியமூர்த்தி ஊர்க்குரலில் கத்தினான். சாயங்கால டீ வருவதற்குள் பம்ப் தரையில் கிடந்தது. பாகிஸ்தான் ரிக்கர்கள் "ஷாபாஷ்!" என்று கை தட்டினார்கள். நான் வயசை மறந்து விசில் அடித்தேன். அடடா, அன்றைக்கு இருந்த சந்தோஷம்!

ஊருக்கு அனுப்பும் பேச்சு அதோடு கலாஸ். மூவரும் என் டீமிலேயே சேர்ந்தார்கள். நான் லீவுக்குக் கிளம்பும்போது தங்கதுரை கூப்பிட்டார்.

"ஒம்ம ஊர்ல இப்படி மோட்டார் தூக்குதவங்க இன்னும் இருக்காவளா? கூட்டிட்டு வாரும். பயோடேட்டாவை மட்டும் நீர் எழுதிராதேயும்!"

ஊர்க்காரனைக் கூப்பிட்டுக்கொள்ளும் தம்பிகளே, அவன் செய்த வேலையை அப்படியே சொல்லுங்கள். அடுத்த வருடம் எங்கள் ஊரிலிருந்து ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். ஒன்பது பயோடேட்டாவிலும் 'போர்வெல் மோட்டார் தூக்குதல்' என்று செல்வராசே எழுதியிருந்தான்.