கேட்கப்படாத கேள்விக்கு ஒரு ஓட்டு

சனிக்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தூறலில் அவருடைய மூக்குக் கண்ணாடி நனைந்திருந்தது. தன் பெயர் டயான் என்றார். அடுத்து அவர் வேகமாகச் சொன்னதில் என் காதில் விழுந்தது ஒரே சொல்தான்: பிராசிக்யூட்டர். அரசு வக்கீலுக்கு என் வீட்டில் என்ன வேலை? அமெரிக்கக் குடியுரிமை வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே ஓடி, பீரோவில் வைத்திருந்த குடியுரிமைச் சான்றிதழை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "வாழ்த்துகள். ஆனால் நான் இதைப் பார்க்க வரவில்லை. உங்கள் ஓட்டைக் கேட்டு வந்தேன்" என்றார்.

ஒஹாயோ மாநிலத்தில் நாங்கள் இருக்கும் கவுன்டி, நம் மாவட்டத்தைப் போன்றது. குற்ற வழக்குகளில் அரசுக்காக வாதாடும் வக்கீலை இங்கே மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்குத்தான் டயான் நின்றார். இதுவரை அதே அலுவலகத்தில் துணை வக்கீலாகப் பத்தொன்பது வருடம் வழக்கு நடத்தியவர். ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் கதவைச் சாத்தாமல் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரசு வக்கீலைப் பார்க்க நீதிமன்ற வராந்தாவில் காத்துக் கிடந்தவள் நான். ஒரு அரசு வக்கீல் என் வாசலில் நனைந்துகொண்டு நிற்பதை மனம் ஏற்க மறுத்தது.

என் கணவர் சாமுவேல் சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டியவர். இங்கேயும் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில்தான் வேலை. எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் முதலில் அச்சைத்தான் பார்ப்பார். டயானின் பிரசுரத்தை வெளிச்சத்தில் பிடித்து, "கலர் ஒதுங்கியிருக்கு. மட்டமான வேலை" என்றார். தபாலில் வந்திருந்த இன்னொரு பிரசுரத்தை எடுத்துக் காட்டினார். எதிர் வேட்பாளர் பிரையனுடையது. வழவழ தாளில் மனைவி, நாய், சிரிப்பு எல்லாம் இருந்தன. மேலே, 'புதிய முகம், புதிய பார்வை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "இது நம்மூரு கணக்கா இருக்கு பாரு" என்றார். அவர் அச்சைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேறொரு புதிய முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

நான் சாத்தூர்க்காரி. அமெரிக்கா வருவதற்கு முன் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தேன். தீபாவளிக்கு முந்தைய மாதங்களை அங்கே பட்டாசு சீசன் என்பார்கள். எங்களுக்கும் அதுதான் சீசன். தூரத்தில் சத்தம் கேட்டு ஜன்னல் அதிர்ந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே கட்டில்களைத் தயார் செய்துவிடுவோம். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான்கு பேரைக் கொண்டுவந்தார்கள். மதியத்துக்குள் மூன்று பேர் போய்விட்டார்கள். நான்காவது ஆள் நாரணாபுரத்துக்காரர், பெயர் முனியசாமி. உடம்பு முழுக்க வெந்திருந்தது, முகம் மட்டும் தப்பியிருந்தது. வலிக்கு ஊசி போடப் போனபோது, "செத்த இருங்க சிஸ்டரு" என்று தடுத்தார்.

"நேத்து மிஞ்சுன மருந்து அது. தொட்டா சூடா இருந்துச்சு. வேண்டாம், கொட்டிருவோம்னு சொன்னேன். லோடு கெளம்பணும், பேசாம வேலையப் பாருன்னு போர்மேன் சொல்லிட்டாரு. எம் பொண்டாட்டி பேச்சிகிட்டச் சொல்லுங்க, நான் பீடி பத்தவைக்கல. பீடின்னுதான் சொல்லுவாக. நம்ப வேண்டாம்னு சொல்லுங்க."

கலந்த வெடிமருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விதி. தானாகவே சூடேறி வெடித்துவிடும். முனியசாமி திணறாமல், உளறாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வந்து சேர்வதற்குள் நினைவு தப்பிவிட்டது. சாயங்காலம் உயிர் பிரிந்தது. மறுநாளே கம்பெனி தரப்பில், 'தொழிலாளி பீடி பற்றவைத்தார்' என்றார்கள்.

அவர் சொன்னதை நான் போலீசிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். போர்மேன் மீதும் முதலாளி மீதும் வழக்குப் பதிவானது. முதலில் இருந்த அரசு வக்கீல் நரைத்த தலைக்காரர், சிடுசிடுப்பானவர். என்னை ஒருநாள் வரச் சொல்லி அரை மணி நேரம் துளைத்தெடுத்தார். "அவரு பேசுனப்ப ஊசி போட்டாச்சா, போடலையா? நேரம் எங்க குறிச்சிருக்கீங்க? பக்கத்துல யாரு இருந்தா? எதிர்த்தரப்பு இதைத்தான் கேக்கும். நான் முந்திக் கேட்டுருவேன். அவர் சொன்ன வார்த்தையிலயே சொல்லுங்க, உங்க வார்த்தையில சொல்லாதீங்க." எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் வழக்கு அவர் கையில் பத்திரமாக இருக்கிறது என்று தோன்றியது.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் ஆட்சி மாறியது. ஆட்சியோடு அரசு வக்கீலும் மாறினார். புதியவர் கட்சிக்காகப் பல வருடம் உழைத்தவர் என்றார்கள். சிவில் வழக்கு, பத்திரம், பாகப்பிரிவினை இவற்றில் நல்ல பெயர். கொலை வழக்கோ வெடி விபத்து வழக்கோ நடத்தியதே இல்லை. கெட்டவர் அல்ல. வராந்தாவில் பார்த்தபோது, "சாப்பிட்டீகளாம்மா?" என்று அன்பாகக் கேட்டார். வழக்குக் கட்டைப் பிரித்து என் வாக்குமூலத்தைப் படித்தாரா என்றுதான் தெரியவில்லை.

கூண்டில் ஏறினேன். கடவுள் சாட்சியாக உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸா? இறந்தவரை அன்று அனுமதித்தீர்களா? எத்தனை மணிக்கு இறந்தார்? பதில் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். நான் நான்காவது கேள்விக்காகக் காத்திருந்தேன். பிறகு நானே, "ஐயா, அவரு சாகுமுன்னே என்கிட்ட ஒண்ணு சொன்னாரு" என்று ஆரம்பித்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்து, வேறு கேள்வி உண்டா என்றார். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "இல்லை" என்றார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

எதிர்த்தரப்பு வக்கீலின் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பழுத்த அனுபவசாலி. என் வாக்குமூலத்தை வரி வரியாகப் படித்திருப்பார். ஒரு கேள்வி கேட்டாலும் நான் கொட்டிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்து, "குறுக்கு விசாரணை இல்லை" என்று உட்கார்ந்தார். எப்போது கேட்கக் கூடாது என்பது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. எப்போது கேட்க வேண்டும் என்பது மற்றவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். விபத்துக்கான காரணம் நிரூபிக்கப்படவில்லை என்று எல்லாரும் விடுதலையானார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் முனியசாமியின் மனைவி பேச்சியம்மா நின்றார். "சிஸ்டரு, நீங்க சொல்லலையா?"

"கேக்கலக்கா."

"கேக்காட்டா என்ன?"

இரண்டு வருடம் கழித்து அந்தக் கேள்வியோடுதான் விமானம் ஏறினேன்.

டயான் வந்துபோன மறுவாரம் எங்கள் ஊர்த் தமிழர்கள் கூடிய விருந்தில் இந்தத் தேர்தல் பேச்சு வந்தது. கோயம்புத்தூர்க்காரர் செந்தில், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "பிரையனுக்குப் போடுங்கக்கா. நம்ம பொங்கலுக்கு வேட்டி கட்டிட்டு வந்தாருங்க. நம்மள மதிக்கிற ஆளு" என்றார்.

"கோர்ட்டுல கேஸ் நடத்தியிருக்காரா தம்பி?"

"கம்பெனி வக்கீலுங்க. அதெல்லாம் கத்துக்குவாரு. அந்தம்மா பத்தொன்பது வருசம் அங்கயே இருந்து என்னத்தக் கிழிச்சாங்க? பழைய ஆளுங்கதான் பாவப்பட்டவனை எல்லாம் பிடிச்சு ஜெயில்ல போடுறாங்க."

கடைசியாகச் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. அதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். நாற்காலியில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பதே தகுதி ஆகிவிடாது. ஆனால் கத்துக்குவாரு என்றாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. யாருடைய வழக்கில் கற்றுக்கொள்வார்? ஊசி குத்தத் தெரியாத நர்ஸை என் வார்டில் ஒரு நோயாளியிடமும் விட மாட்டேன். முனியசாமியின் சாவு இன்னொருவருக்குப் பாடம் படிக்கும் சிலேட்டு அல்ல.

நூலக அரங்கில் இரண்டு வேட்பாளர்களும் மக்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கூட்டம் நடந்தது. போனேன். கேள்வியை அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டத்தை நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர் என் அட்டையை வாசித்தார்: "ஜூரிக்கு முன்னால் எத்தனை முறை சாட்சியை விசாரித்திருக்கிறீர்கள்?" பிரையன் அழகாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. இந்தப் பதவி ஓர் அலுவலகத்தை நடத்துவது. நீதிமன்றத்தில் நிற்கத் திறமையானவர்களை நியமிப்பேன்." கை தட்டினார்கள். ஆசிரியர் அடுத்த அட்டையை எடுத்தார். நான் எழுந்து நின்றேன்.

"அவர் பதில் சொல்லவில்லை" என்றேன். அட்டையில் எழுதினால் மட்டும்தான், அம்மா, என்றார் ஆசிரியர் மரியாதையாக. எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. ஒரு நாட்டில் கூண்டில் வாயை மூடிக்கொண்டு இறங்கியவள், இன்னொரு நாட்டிலும் மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா? "பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். என் உச்சரிப்பில் பட்டாசு என்பது மட்டும்தான் அவர்களுக்குப் புரிந்தது. சுதந்திர தின வாணவேடிக்கைச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்கிறேன் என்று எண்ணி, அதை நகர சபையில் சொல்லுங்கள் என்றார் ஆசிரியர். சிலர் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "சத்தம் பற்றி அல்ல. ஒரு மனிதர் என் கையில் செத்தார். யார் கொன்றது என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செத்தார். அரசு வக்கீல் என்னைக் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. கொன்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அதனால்தான் கேட்கிறேன்."

பிரையன் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். அந்த வருத்தம் பொய் இல்லை, ஆனால் எண்ணிக்கையை அவர் சொல்லவேயில்லை. நான் டயான் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கும் கேள்வி இருக்கிறது. உங்கள் தவறால் தோற்ற வழக்கு உண்டா?"

டயான் கண்ணாடியைக் கழற்றினார். "உண்டு. மூன்றாம் வருடத்தில். அண்டை வீட்டுப் பெண் ஒருத்தியைச் சாட்சியாக அழைக்காமல் விட்டேன். அவசியமில்லை என்று நினைத்தேன். மனைவியை அடித்தவன் விடுதலையானான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வழக்கிலும், நான் யாரை விட்டுவிட்டேன் என்று எழுதிப் பார்க்காமல் நீதிமன்றத்துக்குள் போனதில்லை." இந்தப் பதிலுக்கு யாரும் கை தட்டவில்லை. என் ஓட்டு அங்கே முடிவாகிவிட்டது.

வெளியே வந்ததும் செந்தில் பதறினார். "என்னங்கக்கா, இத்தனை பேர் முன்னால? நம்ம ஆளுங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நெனைச்சுக்கிடட்டும் தம்பி" என்றேன்.

டயான் தோற்றார். ஓட்டு வித்தியாசம் பெரிது என்று சொல்ல முடியாது, ஆனால் தோல்வி தோல்விதான். வழவழ தாள் ஜெயித்துவிட்டது என்றார் சாமுவேல். நான் வருத்தப்பட்டேன், வெட்கப்படவில்லை. புதிய பிராசிக்யூட்டர் பதவி ஏற்ற வாரமே ஒரு கடிதம் எழுதினேன். முதல் வழக்குக்குப் போகும் முன் சாட்சிகள் சொன்னதை எல்லாம் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள், அலுவலகத்தை நடத்துவது அதற்குப் பிறகு ஆகட்டும் என்று. நன்றி என்று அச்சடித்த ஒரு அட்டை வந்தது. அதையும் சாமுவேல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து பேச்சியம்மாவுக்கு போன் செய்தேன். அங்கே இரவாகியிருந்தது. ஆனைக்குட்டம் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் ஓவர்டைம் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"மதுரையில ஒரு வக்கீலம்மா நம்ம கேசைத் தூசி தட்டி எடுத்திருக்காக. வெடி கேசா நடத்துன ஆளு அவுக. தீர்ப்ப எதுத்து நான் போட்ட அப்பீலு இத்தன வருசமா கெடந்துச்சுல்ல, அதுல உங்களைத் திரும்ப விசாரிக்கணும்னு மனு போட்டு, கோர்ட்டு சரின்னுருச்சு. அங்கன நின்னு அம்புட்டுப் பேரு முன்னால சொல்லிட்டீக. இங்கன வந்து சொல்லுவீகளா?"

"வாரேன்க்கா" என்றேன். யோசிக்கவே இல்லை.

மறுநாள் அந்த வக்கீலம்மாவே பேசினார். அவர் முதலில் கேட்டது, "அவரு பேசுனப்ப ஊசி போட்டாச்சா?" என்பதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் குறித்த நேரக் குறிப்பின் நகலை அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், சாத்தூரில் பிறந்தவள் இந்தியாவுக்குப் போக விசா வாங்க வேண்டும். விண்ணப்பத்தில், வருகையின் நோக்கம் என்ன என்று கேட்கிறது. சுற்றுலா, உறவினரைப் பார்த்தல், சிகிச்சை, வணிகம் என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். "உறவினர்னு போட்டுட்டுப் போ, ஜெயராணி. எதுக்கு வம்பு?" என்கிறார் சாமுவேல். நான் மேலும் கீழும் தேடிவிட்டேன். சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. காலையில் தூதரக அலுவலகத்துக்கு நேரில் போய், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் என் வாயாலேயே சொல்லப் போகிறேன்.