மூன்று குழந்தைகளும் ஒரே கிருமியும்

கணினித் திரையில் அந்தப் படம் விரிந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். எந்தக் கிருமி எந்தக் கிருமிக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று கிளை பிரித்துக் காட்டும் வம்சப் படம் அது. அதன் ஓரத்தில் எனக்கு மனப்பாடமான ஓர் எண் இருந்தது. பார்த்ததும் 'யா அல்லாஹ்' என்றேன். பயந்து சொன்னேனா, ஆறுதலில் சொன்னேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

மாத்தளை மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லேப்பில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். குழந்தைகள் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டருக்கு ஓய்வு பெற நான்கு மாதம்தான் மிச்சம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, தாதியாகி வந்த கத்தோலிக்கப் பெண்மணி. வாட்டுக்குள் யார் கால் வைத்தாலும், பெரிய டொக்டராகவே இருந்தாலும், "கைய கழுவிட்டு வாங்க" என்பார். அப்படிப்பட்டவருடைய வாட்டில் ஒரே நாளில் மூன்று பச்சைக் குழந்தைகளின் இரத்தத்தில், மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா என்ற பக்டீரியா இருப்பதாக அறிக்கை போனது. அறிக்கை எழுதியவள் நான்.

புதிதாக யாரையும் சேர்க்காமல் வாட்டை மூடினார்கள். குழந்தைகளுக்குக் கடுமையான மருந்து ஏற்றினார்கள். தாதிமாரின் கை வழியாகத்தான் பரவியிருக்கும் என்று பேச்சு கிளம்பியது. பல்லேகமவிலிருந்து வந்திருந்த ஒரு தாய், எல்லோரும் பார்க்க சிஸ்டரின் முகத்துக்கு நேரே, உன் கைதான் என் பிள்ளைக்கு விஷம் வைத்தது என்று சிங்களத்தில் கத்தினாள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த மனுஷி தலை குனிந்து வெளியேற வேண்டிய நிலைமை.

சிஸ்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இந்தப் புள்ளைங்க நல்லா பால் குடிக்குதுங்க, தொண்ட கிழிய அழுவுதுங்க. ரத்தத்துல கிருமி இருக்குற புள்ள இப்படி இருக்காது, மகள்." எனக்கு மூக்கு நுனியில் கோபம். என் லேப்பில் பிழை என்கிறாரா? விறுவிறுவென்று லேப்புக்குத் திரும்பிவிட்டேன். மறுபடி எடுத்த இரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஊசி மருந்து முடிந்ததும் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிருமி வாட்டில் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, எங்கள் நுண்ணுயிரியல் டொக்டர் அந்த மூன்று கிருமி மாதிரிகளையும் கொழும்புக்கு அனுப்பி, மரபணு முழுவதையும் படிக்கச் செய்தார். நான்கே எழுத்துகள் மாறி மாறி லட்சக்கணக்கில் வரும் கோப்புகளாக அவை திரும்பி வந்தன. ஒன்லைன் வகுப்பில் நான் கொஞ்சம் படித்திருந்ததால், அவற்றை இணையத்தில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. உலகத்து லேப்கள் சேர்த்து வைத்த நோய்க்கிருமிகளின் மரபணுக்கள் இருக்கும் பொதுத் தளம் அது. காசு கேட்காது. நம்முடையதைக் கொடுத்தால், அதற்கு நெருக்கமானவற்றைத் தேடி வரிசைப்படுத்திக் காட்டும்.

மூன்று குழந்தைகளின் கிருமிக்கும் இடையே ஓர் எழுத்து வித்தியாசம்கூட இல்லை. அதே கிளையில், அதேபோல வித்தியாசம் இல்லாமல், நான்காவதாக அந்த எண். அது எங்கள் குளிர்பெட்டியில் இருக்கும், உலகத்து லேப்களெல்லாம் வாங்கி வைக்கும் சோதனைக் கிருமியின் எண். பரிசோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, திங்கள்தோறும் அதை எடுத்து வளர்ப்போம். மருந்துக்கு அடங்காதது என்பதால்தான் அதை வைத்திருப்பதே. கிருமி வாட்டில் இருக்கவில்லை, என் மேசையில் இருந்தது.

எப்படி என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. கம்பி வளையத்தை நெருப்பில் சிவக்கச் சுட்டு, அது ஆறிய பிறகுதான் இரத்தப் போத்தலின் துளியை எடுத்துத் தட்டில் தேய்க்க வேண்டும். ஆறும்வரை பொறுக்க எனக்குப் பொறுமை ஏது? பக்கத்தில் உப்புநீர் இருந்த கண்ணாடிக் குழாயில் தோய்த்து ஆற்றினேன். சற்று முன் சோதனைக் கிருமியைக் கரைத்த குழாய் அது. மூன்று முறை சுட்டேன், மூன்று முறை தோய்த்தேன். இன்றைக்குக் கம்பியைச் சுட்டால் வாய்விட்டு எண்ணுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்தப் பக்கத்தை மூடிவிடலாம் என்று கால் மணி நேரம் நினைத்தேன். பொய் சொல்வானேன்? பிறகு அச்செடுத்து டொக்டரிடம் கொடுத்துவிட்டு, நேரே வாட்டுக்குப் போனேன்.

சிஸ்டர் ஆளில்லாத வாட்டில் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப புள்ளைங்களுக்கு ஒண்ணுமே இருக்கலியா?" என்றார்.

இல்லை என்றேன். "மாதாவே" என்று அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் நிறைந்தது, நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. அது அரை நிமிடம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "என்னைய சொன்னது போவட்டும். அந்தப் பிஞ்சுக் கையில இத்தன நாளா ஊசி குத்துனோமே, மகள்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விசாரணை நின்றது. கண்டிப்புக் கடிதம் எனக்கு வந்தது, வர வேண்டிய இடத்துக்குத்தான். ஆனால் சிஸ்டர் விடவில்லை. பல்லேகமத் தாய் இன்னும் பிள்ளையின் உடம்பில் விஷம் இருக்கிறதென்று பயந்துகொண்டிருப்பாள், நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்தவரோடு பஸ் ஏறினேன்.

அந்தத் தாய் எங்களை வாசலிலேயே நிறுத்தினாள். பிழை என்னுடையது, பிள்ளைக்கு எந்த நோயும் இருக்கவில்லை, சிஸ்டரின் கையில் எதுவும் இருக்கவில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவள் கையில் இருந்த குழந்தையைச் சிஸ்டரிடம் நீட்டினாள்.

சிஸ்டர் பின்னுக்கு நகர்ந்து, தண்ணீர் எங்கே என்று கேட்டார். கழுவ வேண்டாம், அப்படியே தூக்குங்கள் என்றாள் தாய். சிஸ்டரா கேட்பார்? கிணற்றடிக்கு நடந்தார். தாய் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினாள். முழங்கை வரை சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிய சிஸ்டர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ கழுவுனியா?"

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, நானும் கிணற்றடியில் போய்க் கையை நீட்டினேன். சிஸ்டர்தான் தண்ணீர் ஊற்றினார்.