கவிழ்த்த செருப்பு

இன்று வேலைக்குச் சேர்ந்த துப்புரவு அக்கா, ஓர் அறை வாசலில் செருப்பு கவிழ்ந்து கிடப்பதைக் கண்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குனிந்தார். பெரம்பலூரில் ஷூ கம்பெனிப் பெண்கள் தங்கும் இந்த அரசு விடுதிக்கு நான் வார்டன். அவர் பதறிக் குனிந்த விதத்தில் எனக்கு அம்மா தெரிந்தாள்.

அரியலூரில் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்களுக்கென்று ஓர் அரசு விடுதி இருந்தது. அப்பா அங்கே சமையல்காரர். நைட் ஷிப்ட் முடித்து, புருவம்கூட வெளுத்துப்போய் வருகிறவர்கள், குளித்து, அப்பா வைத்த சுடுகஞ்சியைக் குடித்துவிட்டு, வாசலில் ஒற்றைச் செருப்பைக் கவிழ்த்துப்போட்டுப் படுப்பார்கள். உள்ளே ஆள் தூங்குகிறது, கதவைத் தட்டாதே என்று அதற்கு அர்த்தம்.

விக்கிரமங்கலத்திலிருந்து எங்களை அப்பா அழைத்துவந்த மறுநாள் காலை, அம்மா வராந்தா நெடுக நடந்து, அத்தனை செருப்பையும் நிமிர்த்தி வைத்தாள். பின்னாலேயே வந்த பால்காரரும் சலவைக்காரரும் ஒரு கதவு விடாமல் தட்டினார்கள். விடுதியே கண் சிவக்க எழுந்து, சமையலறைக்கு வந்து நின்று கத்தியது.

"நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சேன்!" என்று அம்மாவும் கத்தினாள்.

இந்த விடுதியிலும் நைட் ஷிப்ட் பெண்களுக்கு அதே அடையாளத்தைத்தான் வைத்திருக்கிறேன். "அக்கா, அது அப்படியே கெடக்கட்டும்," என்று துப்புரவு அக்காவைத் தடுத்தேன்.

"கவுந்து கெடந்தா சண்ட வருங்க மேடம்."

"நிமித்துனாத்தான்க்கா வரும்."